சாமியறை நிலத்தின் சூடு

நிலவறையின் கூரையோடு ஒட்டிக் கிடந்த அந்தச் செப்புக் குழாயில் கை வைத்த வேகத்திலேயே இழுத்துக்கொண்டேன். சுட்டுவிட்டது. முழங்கை நீளம்கூட இல்லாத துண்டு அது. இரண்டு பக்கமும் கறுத்துத் தடித்த பழைய இரும்புக் குழாய்கள். இடையில், பிந்தி வந்து கதிரைகளுக்கு நடுவே செருகிக்கொண்ட விருந்தாளி மாதிரி, இந்தச் செம்பு. விரலை வாயில் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் தலைக்கு நேர் மேலே மணி ஒலித்தது. அன்று வெள்ளிக்கிழமை, மாமி சாமியறையில் இருந்தார். மணிச் சத்தம் ஓய்ந்ததும் பலகையில் ஏதோ மெல்ல உரசியது. அவர் நிலத்தில் அமர்ந்துவிட்டார், இனி உள்ளங்கையைத் தரையில் ஊன்றிக்கொள்வார் என்பது பார்க்காமலே எனக்குத் தெரியும். அவருடைய கைக்கும் என் விரலைச் சுட்ட குழாய்க்கும் நடுவில் இருந்தது ஒரு பலகை மட்டும். அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. மேல்மாடியில் மாமியின் அறைக்கு இத்தனை வருடமாகப் போய்ச்சேராத சூடு எங்கே போய்க்கொண்டிருந்தது என்று விளங்கிவிட்டது.

மாமி என்றால் அப்பாவின் அக்கா. நான் சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, எத்தனையோ அலைச்சலுக்குப் பிறகு, அப்பா அவரை மொன்றியலுக்குக் கூப்பிட்டெடுத்தார். தனியாகத்தான் வந்தார். கணவர் முன்னமே காலமாகிவிட்டார். ஒரே மகன் ஊரில் கடைசிச் சண்டை நேரம் சனத்தோடு சனமாக நடந்து வரும்போது பிரிந்து போனவன். அவன் இறந்துவிட்டான் என்று சொல்லவும் ஆளில்லை, எங்கோ இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. எனக்கு அவன் மச்சான் முறை, நான் கண்டதேயில்லை. மாமி வந்த முதல் நாள் அவருடைய கைப்பைக்குள் ஒரு சட்டைத் துணியில் சுற்றிய படம் இருந்ததை மட்டும் பார்த்தேன். அதை யாரும் கேட்கவில்லை. அவரும் காட்டவில்லை.

மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில் எங்கள் வீடு பழைய செங்கல் வீடு. கீழே கூடம், குசினி, ஒரு பின்னறை, மேலே படுக்கையறைகள். எல்லா அறையிலும் ஜன்னலின் கீழே, வரிசையாக நிறுத்திவைத்த இரும்பு விலா எலும்புகள் போல, ரேடியேற்றர்கள். நிலவறையில் இருக்கும் போய்லர் தண்ணீரைச் சூடாக்கி அனுப்பும். அது குழாய்வழியே ஏறி ஒவ்வொரு ரேடியேற்றராகச் சுற்றிவிட்டு, ஆறிப்போய்த் திரும்பி வரும். நான் சின்னவளாக இருந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் குளிர்காலத்தில் அவை 'டொக், டொக்' என்று இருமும் என்பதுதான். பின்னறையின் கிழக்குச் சுவரில் இருந்த ரேடியேற்றர் எல்லாவற்றிலும் பெரியது, எல்லாவற்றிலும் சூடானது. பனிக்குள் விளையாடிவிட்டு வந்தால் எங்கள் ஈரச் சொக்ஸ் எல்லாம் அதன்மேல்தான் காயும்.

அந்தப் பின்னறையைத்தான் அப்பா மாமிக்காகச் சாமியறை ஆக்கினார். கிழக்குப் பார்த்துக் கும்பிட வேண்டும், அதனால் சாமித்தட்டு கிழக்குச் சுவரில் வரவேண்டும். மாமி அறைக்குள் வந்து ரேடியேற்றரை மேலும் கீழும் பார்த்தார்.

"இதிலதானே தம்பி பிள்ளையள் சொக்ஸ் காயப்போடுறவை?"

"ஓமக்கா. இஞ்ச பனி. சொக்ஸ் ஈரமாத்தானே வரும்."

"அப்ப அம்மாளாச்சிக்கு மூக்கில்லை எண்டு நினைச்சியோ?"

"கழுவித் துடைச்சு விடுறனக்கா."

"கழுவு. கழுவிப்போட்டு நீ அதுக்குப் பக்கத்தில இருந்து சாப்பிடு பாப்பம்."

அம்மா குசினியில் நின்று சிரித்தது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பைப் அண்ணை வந்தார். அப்பாவின் சிநேகிதர், தைப்பு ஃபக்ரறியில் வேலை. ஆனால் எங்கள் தெருவில் எந்தத் தமிழ் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் அவருக்குத்தான் அழைப்புப் போகும், அதனால் அந்தப் பெயர். ரேடியேற்றரைக் கழற்றி, நாலைந்து பேராகப் பிடித்து, முதலிரவு மாப்பிள்ளையைத் தள்ளுவதுபோலப் பகிடி விட்டுக்கொண்டு பின்வளவுக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கும் அது அங்கேதான் துருப்பிடித்து நிற்கிறது. கோடையில் அம்மா மிளகாய்ச் செடிச் சட்டிகளை அதன்மேல் அடுக்குவார். மிஞ்சிய இரண்டு குழாய் முனைகளையும் பைப் அண்ணை நிலத்துக்குக் கீழே வைத்து வெட்டி, ஏதோ செய்து முடித்தார். என்ன செய்தார் என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. ஒழுகவில்லை, அது போதும். பிறகு தேநீரும் வடையும்.

மாமிக்குக் கொடுத்த அறை சாமியறைக்கு நேர் மேலே, மாடியின் பின்பக்கம். முதல் மாரியிலேயே, பனி விழத் தொடங்கியதும், அவர் குளிர் என்று சொல்லத் தொடங்கினார். அப்பா அலட்சியம் செய்தார் என்று எழுதினால் அது பொய். சின்னச் சாவியும் தகரக் குவளையுமாக மேலே போவார். ரேடியேற்றரின் ஓரத்தில் இருக்கும் சிறு திருகைச் சாவியால் திறந்து, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றினால் சூடு ஏறும் என்பது அவருக்குத் தெரிந்த வைத்தியம். மற்ற அறைகளில் அது 'ஸ்ஸ்' என்று பெருமூச்சு விடும். மாமியின் அறையில் திறந்த உடனேயே தண்ணீர்தான் வரும். குவளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாமியை நிமிர்ந்து பார்த்து அப்பா சொல்வார், "காத்தே இல்லை அக்கா. நல்லாத்தான் கிடக்கு. கையை வைச்சுப் பாருங்கோ, சூடு இருக்குத்தானே?" இருக்கும். அதுதான் வில்லங்கம். குளித்து முடித்த வாளியில் மிஞ்சிய தண்ணீரின் சூடு அளவுக்கு இருக்கும். செத்துப்போன ரேடியேற்றர் என்றால் அப்பா வீட்டையே பிரித்திருப்பார். இது உயிரோடு இருந்தது, ஆனால் ஒருநாளும் எழும்பி உட்காரவில்லை.

"உங்களுக்கு இன்னும் பழகேல்லை அக்கா. வெய்யில் ஊரில இருந்து வந்தனீங்கள்."

"நீ மட்டும் என்ன, பனிக்குள்ளயோ பிறந்தனீ?"

இப்படித்தான் தொடங்கியது. பேந்து அது வீட்டின் நிரந்தரப் பகிடி ஆகிவிட்டது. மாமி சுவெற்றருக்கு மேல் சுவெற்றர் போடுவார். கலியாண வீட்டுக்கும் சேலைக்கு மேல் அதோடுதான் வருவார். யாராவது கேட்டால் அம்மா, "மச்சாளுக்கு ஓகஸ்றிலயும் குளிரும்" என்பார். கொஞ்சக் காலத்தில் பகிடியின் தொனி மாறியது. பட்ட துன்பம் உடம்பில் குளிராக நிற்கிறது என்று வந்து போகிறவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். குடும்ப டொக்ரரும் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். மாமி போய்விட்டு வந்து சொன்னார்: "நல்ல பிள்ளை. வடிவாக் கதைச்சவள். அந்த அறை சூடாக் கிடந்தது, அதால இருந்து கதைச்சுப்போட்டு வந்தனான்." எல்லாரும் சிரித்தோம். அவர் பகிடி விடவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. தனக்குக் குளிர்கிறது என்று ஒரு மனுசி சொன்னதற்கு, அவளுடைய வாழ்க்கை முழுவதையும் கிளறிக் காரணம் தேடினோம். ரேடியேற்றருக்குக் கீழே தேடவில்லை.

ஆனால் சாமியறை சூடாக இருந்தது. ரேடியேற்றர் கழற்றிய அறை, வீட்டிலேயே குளிர்ந்த அறையாக இருந்திருக்க வேண்டியது. அதன் தரையில் சாமித்தட்டின் கீழே ஒரு பாய் அகலத்துக்கு இளஞ்சூடு நிற்கும். வெறுங்காலோடு நுழைந்தால் காலுக்குத் தெரியும். அம்மா அதை அம்மாளாச்சியின் அருள் என்றார். மாமி உடனே திருப்பிக் கேட்டார்: "அருள் மே மாசத்தில லீவில போகுமோ மச்சாள்? போய்லரை நிப்பாட்டினால் அதுவும் நிக்குது." அவருக்குத் தெரியும், கீழே ஏதோ குழாய் ஓடுகிறது என்று. அதற்கு மேல் யோசிக்க அவருக்குத் தேவை இருக்கவில்லை. அந்தச் சூட்டுக்கு அவரிடம் ஒரு வேலை இருந்தது.

ஒரு காலையில் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டு, சம்பிரதாயத்துக்குத் திருநீறு பூச உள்ளே போனபோதுதான் நான் அதைப் பார்த்தேன். சாமித்தட்டின் கீழே, அந்தச் சூடான பலகையில், சட்டைத் துணியை விரித்து அதன்மேல் படத்தைக் கிடத்தியிருந்தார். படத்தில் ஒரு பொடியன், மீசை அரும்பிய வயது, யாரோ பக்கத்தில் நின்று பகிடி சொன்னதுபோல வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏன் மாமி கீழ வைச்சிருக்கிறீங்கள்? சுவரில கொழுவுவமே?"

"சுவரில கொழுவினால் மாலை போடச் சொல்லுவினம்."

"அப்ப சாமித்தட்டில?"

"அவனென்ன சாமியே? அவன் பெரிய குழப்படிகாரன்." துணியின் சுருக்கத்தை நீவிவிட்டுச் சொன்னார், "இது அவன்ர இடம், பிள்ளை. இதில குளிராது."

எங்கள் வீடுகளில் படங்களுக்கு இடம் உண்டு. இருப்பவர்கள் கூடத்தில், பட்டமளிப்புத் தொப்பியோடு. இறந்தவர்கள் சுவரில், மாலையும் சின்ன மின்விளக்குமாக. கடவுளர் தட்டில். எங்கே என்று தெரியாதவனுக்கு இதில் எதுவும் இல்லை. மாமி அவனுக்கு நிலத்தில் ஓர் இடம் கண்டுபிடித்திருந்தார். விடிய எழும்பி, மேலே தன் அறையின் குளிரைவிட்டு இறங்கி வந்து, அவனுக்குப் பக்கத்தில் நெடுநேரம் இருப்பார். பக்தி என்று நாங்கள் நினைத்தோம், அதுவும்தான். போய்லர் நின்றதும் படத்தை எடுத்து ஜன்னலோரம் வெயில் விழும் இடத்துக்கு மாற்றுவார். ஒக்ரோபரில் முதல் 'டொக்' சத்தம் கேட்டதும் மறுபடியும் பலகைக்கு.

பல வருடங்கள் இப்படிப் போயின. பிறகு மாமி ரொக்ஸ்பரோவில் ஒரு சின்ன அப்பார்ட்மென்றுக்குத் தனியாகப் போய்விட்டார். சண்டை என்று சொல்ல முடியாது. ஒரு ஜனவரியில் அப்பா வேலை அலுப்பில், "இந்த வீட்டில உங்களுக்கு மட்டுந்தான் அக்கா குளிருது" என்று சத்தம் போட்டார். மாமி இன்னொரு சுவெற்றரை எடுத்துப் போட்டுக்கொண்டார். வசந்தம் வந்ததும் போனார். அங்கே மின்சார ஹீற்றர். அறை சூடு, தரை சில். அதனால் ஒவ்வொரு வெள்ளியும் எங்கள் வீட்டுக்கு வருவார். கைப்பையிலிருந்து படத்தை எடுத்து அந்தப் பலகையில் கிடத்துவார். கும்பிட்டு முடிந்ததும் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். வேலை முடிந்து பிள்ளையை garderie-யில், அந்தப் பிள்ளைகள் காப்பகத்தில், இருந்து எடுத்துப் போகும் தாய்மாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாமியின் கைப்பைதான் ஞாபகம் வரும்.

போன மாரியில் அவர் வாசற்படிப் பனியில் சறுக்கி இடுப்பில் அடிபட்டார், நல்ல காலம் முறியவில்லை. இனித் தனியாக விடக்கூடாது என்று அப்பா முடிவெடுத்தார்; தன் பழைய அறைக்கு வர மாமியும், கனநேரம் யோசித்து, ஓம் என்றார். அப்பாவுக்கு அந்தப் பழைய சத்தம் உள்ளே குத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். இந்த முறை அறையைச் சூடாக்கியே தீர்வேன் என்று நின்றார். வந்து பார்த்த ஒப்பந்தகாரர், பழைய குழாய், ரேடியேற்றர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வீடு முழுக்க மின்சார ஹீற்றர் போடச் சொன்னார். நான் குறுக்கே விழுந்தேன். பொறியியல் படித்து முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த காலம். கையும் சும்மா இருக்கவில்லை, தலையும் சும்மா இருக்கவில்லை. "அப்பா, பிடுங்க முதல் இது எப்பிடி ஓடுது எண்டு ஒருக்கா விளங்கிக்கொள்ள விடுங்கோ" என்று கெஞ்சினேன்.

சோக்கட்டியோடு நிலவறைக்குள் இறங்கினேன். போகும் குழாய்க்குச் சிவப்பு, திரும்பும் குழாய்க்கு நீலம். முதலில் எனக்கு விளங்காதது அவற்றின் பருமன்தான்; என் கையைவிடத் தடித்த குழாய்கள் ஒரு சின்ன வீட்டுக்கு எதற்கு? பிறகு விளங்கியது. இந்த வீடு கட்டிய காலத்தில் தண்ணீரைத் தள்ள மோட்டர் கிடையாது. சூடான தண்ணீர் இலேசு, தானாக மேலே ஏறும். ஆறினது பாரம், தானாக இறங்கும். அந்த ஏறி இறங்கல் ஒன்றை மட்டும் நம்பி, எங்கும் தடைபடாமல் இருக்க அகலமான குழாய்களை, கண்ணுக்குத் தெரியாத சரிவோடு பதித்திருக்கிறார்கள். எனக்கு ஒரு கோயிலுக்குள் நிற்பதுபோல இருந்தது. பின்னொரு காலத்தில் யாரோ மோட்டரைப் பூட்டியிருக்கிறார்கள். அது தள்ளும், தண்ணீர் ஓடும். ஆனால் ஓடும் தண்ணீர் எப்போதும் இலகுவான வழியைத்தான் தேடும்.

பின்மூலையில் ஒரே சோடிக் குழாய் இரண்டு அறைகளுக்கும் போனது. முதலில் சாமியறைக்குக் கிளை பிரிந்து, பிறகு சுவருக்குள்ளால் மாமியின் அறைக்கு ஏறியது. ரேடியேற்றரைக் கழற்றிய அன்று இரண்டு கிளை முனைகளுக்கும் மூடி போட்டிருந்தால் தண்ணீர் முழுவதும் மேலே போயிருக்கும். பைப் அண்ணை மூடி போடவில்லை. ஒரு செப்புத் துண்டால் இரண்டையும் சேர்த்துவிட்டார். போன தண்ணீருக்கு மாடி ஏற வேண்டிய தேவையே இல்லாமற் போனது. கீழேயே குறுக்குவழி, போன சூட்டோடு திரும்பி போய்லருக்கே ஓடியது. மாடிக்கு ஏறியது தப்பித் தவறிப் போன கொஞ்சம்.

அங்கே நின்றபடியே பைப் அண்ணைக்கு அழைத்துக் கேட்டேன். கர்க்லாண்டில் மகளோடு இருக்கிறார் இப்போது. "ஏன் அண்ணை சேத்தனீங்கள், மூடியிருக்கலாமே?"

"பிள்ளை, சுத்தி ஓடுற தண்ணியை நடுவில மறிக்கலாமோ? அதுவும் சாமிக்குக் கீழ! மறிச்சால் முட்டி வெடிச்சுப்போடும் எண்டு பயந்தனான். ஏன், ஒழுகுதோ?"

"இல்லை அண்ணை. ஒழுகேல்லை."

"பாத்தியே! என்ர வேலை ஒழுகாது." அவருடைய குரலில் இருந்த சந்தோசத்தை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

கண்டுபிடித்த துள்ளலில் படியேறி ஓடினேன். பாதியில் கால் நின்றுவிட்டது. மேலறைக்குச் சூடு வேண்டுமென்றால் செப்புத் துண்டை எடுக்க வேண்டும். எடுத்தால் அந்தப் பலகை ஆறிவிடும். மாமிக்கு அறையைக் கொடுக்க மச்சானின் இடத்தைப் பறிக்க வேண்டும். எந்தப் பாடத்திலும் எனக்கு இப்படி ஒரு கணக்கு வந்ததில்லை. சாமியறை வாசலில் போய் நின்றேன். மாமி படத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். அப்பா கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டினேன். குழாய், கிளை, குறுக்குவழி, எல்லாம். "மாமி, அந்த அறை மெய்யாத்தான் குளிர்ந்தது. உங்கட உடம்புமில்லை, மனசுமில்லை" என்றேன். கூடத்தில் டீவிச் சத்தம் நின்றது.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். மாமி சுற்றிய துணியை மறுபடியும் அவிழ்த்தார். படத்தைப் பழைய இடத்தில் கிடத்தி, பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் என்ர அறைச் சூட்டிலதான் இவன் படுத்திருந்தவன்."

நானும் குனிந்து அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்தேன்.

"நல்லது" என்றார். "நல்லது, பிள்ளை. நான் ஒண்டும் குடுக்கேல்லை எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அப்பா எழும்பி மாடிக்குப் போவது கேட்டது. மாமியின் அறைக் கதவு திறந்து மூடியது. பெப்ரவரி மாதம், வெளியே வெயில் இருந்தும் காற்று கடித்தது. அவர் மெல்லிய சேட்டோடு போயிருந்தார். நெடுநேரம் இறங்கி வரவில்லை. அம்மா போகப் பார்த்தபோது மாமி கண்ணால் மறித்தார். வந்தபோது அப்பாவின் விரல் நுனிகள் வெளிறியிருந்தன. சாமியறை வாசற்படியில் நின்று, அக்காவின் முகத்தைப் பாராமல், "குளிருதுதான்" என்றார். மாமி தன் வெளிச் சுவெற்றரைக் கழற்றி அவரிடம் நீட்டினார். "போடு. நாசமாப்போன குளிர், எலும்புக்குள்ள நிண்டிடும்." அப்பா வாங்கிப் போட்டுக்கொண்டார். பொத்தான் பூட்டவில்லை, அவருக்கு அது சின்னன்.

ஒப்பந்தகாரரை வேண்டாம் என்று சொல்லியாயிற்று. செப்புத் துண்டை எடுத்துவிட்டு மூடி போடவும் போவதில்லை. அதன் நடுவில் ஒரு வால்வு வைக்கப்போகிறேன். திருகத் திருகக் குறுக்குவழி ஒடுங்கும், ஒடுங்க ஒடுங்கத் தண்ணீர் மேலே ஏறும். கீழே கொஞ்சம் மிஞ்சும். வால்வு வாங்கி என் மேசையில் கிடக்கிறது, செப்ரெம்பருக்காகக் காத்துக்கொண்டு. போய்லர் மூட்டுவதற்கு முன் குழாயிலுள்ள தண்ணீர் முழுவதையும் வடிக்க வேண்டும்; பழைய இரும்புக்குள் இத்தனை காலம் சுற்றிய தண்ணீர் மை போலக் கறுப்பாக வருமாம். இரண்டு இடத்துக்கும் சூடு காணுமா, போதாமல் போகுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். காணும் என்கிறது தாள். தாளில் நான் எழுதியவற்றில் பாதி ஊகம். உரிமம் உள்ள குழாய்க்காரர் ஒருவர் பக்கத்தில் நிற்க ஒத்துக்கொண்டிருக்கிறார், என் சோக்கட்டிக் கோடுகளைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு.

முதல் குளிர் வந்ததும் திருகிப் பார்ப்போம். அப்பா மேலே, அறையில் ரேடியேற்றரில் கை வைத்தபடி. மாமி சாமியறை நிலத்தில், படத்துக்குப் பக்கத்தில். நான் கீழே, என்னைச் சுட்ட அதே குழாயின் அடியில். பலகை ஆறத் தொடங்குகிறது, இனிப் போதும் என்று மாமிக்குப் பட்டால் அவர் நிலத்தில் தட்ட வேண்டும். அந்த இடத்தில் நான் நிறுத்திவிடுவேன். அதுதான் ஏற்பாடு. நான் பயப்படுவது குழாய்க்கல்ல. முதல் திருகலிலேயே அவர் தட்டிவிடுவார். அது எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். "தட்டினால் கேக்காத மாதிரி இன்னும் கொஞ்சம் திருப்பு" என்று அப்பா இரகசியமாகச் சொல்லியிருக்கிறார். ஓம் என்று தலையாட்டினேன். ஆனால் அந்தப் பலகைக்குக் கீழே நின்று, அந்தக் கையின் சத்தத்தைக் கேட்டும் கேட்காததுபோல என்னால் திருப்ப முடியுமா என்பதை, ஒக்ரோபரில்தான் பார்க்க வேண்டும்.